காரை

முதலில் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னேன்.
சம்பை ஊற்றுத் தண்ணீர், ஊரே மெச்சுவது,
குடிக்க இனிக்கும்,
மூன்றடிக் கண்ணாடிக்குள் கடல் கட்ட ஆகாது.
பாறையெல்லாம் பழுப்புத் தூசி படிந்தது.
ஆர்.ஓ. மாட்டி, உப்புக் கரைத்துப் பார்த்துச் சலித்து
தொண்டி மீன்வண்டி சீனி நைனாரிடம் சொல்லிவைத்தேன்.
வியாழன்தோறும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே
நாலு கேன் கடல்
செக்காலை ரோட்டில் என் கிளினிக் வாசலில் இறங்கும்.
"மீனில்லாத கடலுக்கு
என்ன விலை வைக்கிறது டாக்டரம்மா?" என்பார்.
டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார்.

பழுப்பு போனது.
பச்சை வந்தது.

முடி. குளியலறை வடிகாலில் சிக்கும் முடி.
பம்பின் காற்றுக்கு ஆடிக்கொண்டு,
பிடுங்கினால் பாதி கையோடு வந்து
மீதி பாறைக்குள் சிரித்துக்கொண்டு.
பகலெல்லாம் பற்காரை சுரண்டுகிறவள் நான்.
இரவு ஒன்பதுக்கு மேல்
முழங்கை வரை உப்பில் நனைந்து,
தேய்ந்த பிரஷ், ஓரம் மழுங்கிய ஸ்கேலர்,
இன்னொரு வாயில் இன்னொரு முறை அதே வேலை.
வாயைத் திற என்று சொல்ல வேண்டியதில்லை,
அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று நாள் விளக்கை அணைத்து
ஆபரேஷன் துணி போர்த்திவைத்தேன்.
காத்திருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டதுபோல்
குரல் தாழ்த்திப் பேசினார்கள்.
நாலாம் நாள் துணியை எடுத்தால் வெளுத்திருந்தது.
பத்தாம் நாள் பழைய பச்சை.
மண்டபத்திலிருந்து பன்னிரண்டு நத்தை வாங்கினேன்.
தின்றன. தின்னத் தின்ன வளர்ந்தது.

சோதனைக் குழாயில் சொட்டு விட்டால்
ஒவ்வொரு முறையும் நீலம்.
பாஸ்பேட். மிஞ்சிய தீனி அழுகும் நீலம்.
நான் போடுவதோ நாளுக்கு ஒரு சிட்டிகை.

ஒரு செவ்வாய்க்கிழமை கரண்ட் போய்
டிரில் பாதியில் நின்றது.
மரத்த வாயோடு ஒருவரை நாற்காலியில் விட்டு
வெளியே வந்தேன்.
அழுது சிவந்த ஒரு பிள்ளையின் உள்ளங்கையில்
தீனி டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் அடைக்கலமேரி.
"உள்ளே யாராவது கத்தினால்
இதுங்க பயப்படுதுங்க டாக்டர்.
மீனுக்குப் போடச் சொன்னா அடங்கிடுதுங்க."

கத்தலுக்கு ஒரு கை.
ஒரு நாளைக்கு எத்தனை கத்தல்
என்று எனக்குத்தான் தெரியும்.

ஆக, அது தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை.
என் ஊசிக்குப் பயந்த பிள்ளைகளின் பயம்
மீன் தின்றது போக மிஞ்சி
பாறையில் முளைத்து ஆடிக்கொண்டிருக்கிறது.
அதைத்தான் ராத்திரியெல்லாம் சுரண்டியிருக்கிறேன்.

டப்பாவை என் மேசைக்குள் பூட்டினேன்.
இப்போது பிள்ளைகள் நத்தை எண்ணுகிறார்கள்.
கண்ணாடியில் மூக்கு பதித்து மெதுவாக
எண்ண வேண்டும்,
இல்லாவிட்டால் ஒன்று பாறைக்குப் பின்னால் போய்விடும்.
கோட்டையூர்ப் பையன் ஒருவன் பதின்மூன்று என்றான்.
நிழலையும் சேர்த்திருப்பான் என்று நினைத்து
ராத்திரி நானும் எண்ணினேன்.
பதின்மூன்று.
நைனாரின் கேனில் விலையில்லாமல் ஒன்று வந்திருக்கிறது.

ஏழாவது வாரம் சொட்டு நீலமாகவில்லை.
பச்சை உதிர்ந்த பாறையில்
மிளகளவு ஊதாப் புள்ளி.
தொட்டேன். கல்.
இதுவும் பாசிதான்,
சுண்ணாம்பாய் இறுகும் பாசி.
இது பிடித்த இடத்தில் முடி ஏறாது.
ஊர்ப் பெயரில் காரை, பெரிய வீட்டுச் சுவரில் காரை,
நான் பிழைப்பதும் காரையால்.
கை தானாக ஸ்கேலரைத் தேடியது.
மடக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பம்புக்குப் பின்னால் கொஞ்சம் பச்சை இன்னும் இருக்கிறது,
கடைவாய்ப் பல்லின் பின்புறம் மாதிரி,
எந்தக் கருவியும் எட்டாத இடம்.
உள்ளே யாரோ வாய் கொப்பளிக்கிறார்கள்.
வெளியே ஒரு பிள்ளை
ஒன்பது, பத்து என்று வந்து
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.